ஈரப் பலகையில் பதினோர் ஆண்டுகள் அமர்ந்து ஓய்வுபெறும் தந்தைக்கு

விடியுமுன் எழுந்து, விழி சிவக்க விரைந்து வந்து, நீச்சல்குளத்தின் ஈரப் பலகையில் பதினோர் ஆண்டுகள் வீற்றிருந்த பெருந்தகையீர்! பேருந்துப் பணிமனையின் பொறிவினைஞரே! நீந்தவே தெரியாத நீர், நீரருகே காத்த நெடும் பொறுமைக்கு, உடன் அமர்ந்து உடன் கொட்டாவி விட்ட பெற்றோராகிய நாங்கள் வணக்கம் கூறுகின்றோம்.

முதலாண்டில் நீரும் எம்மைப் போன்றவரே. கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்க, கம்பியைப் பற்றிக்கொண்டு, "காலை அடி, காலை அடி" என்று கதறினீர். தலை தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அது கேளாது என்பதை எம்முள் பலர் இன்றும் உணர்ந்திலோம். அந்நாளில் எட்டு வயதினளான உம் மகள் கரையேறி, "நான் முடிச்சப்போ நீங்க என்னைப் பாக்கலப்பா. வாட்ச்சைத்தான் பாத்தீங்க" என்றாள். மறுநாளே அக்கடிகாரத்தைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தீர். அதன்பின் உம் கையில் இருந்தது ஒரு துண்டு மட்டுமே. "எத்தனையாவது வந்தே?" என்று நாங்கள் எம் பிள்ளைகளை வினவ, "தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சா?" என்று நீர் வினவினீர்.

சென்ற திங்கள் நடந்த மாநில அணித் தேர்வுப் போட்டியில் இமைப்பொழுது பிந்தி இடம் இழந்த உம் மகள், "போதும்ப்பா. இனிமே நான் வரல" என்றபோது, குளக்கரை முழுதும் உம் வாயையே நோக்கிற்று. அறிவுரைகளை நாங்கள் அடுக்கி வைத்திருந்தோம். நீரோ, "சரிம்மா. முதல்ல தலையைத் துவட்டு" என்றீர்.

பயிற்சியாளர் மனம் பொறாது, "பதினோரு வருஷம் சார். கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீந்துனது அவ சார். நான் உக்காந்துதான் இருந்தேன்."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"இருக்கு. அதை எதுக்கு அவ தலையில ஏத்தணும்?"

அன்று வீடு திரும்பும் வழியில், எம்முள் எவரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை என்று எழுதவே இம்மடலைத் தொடங்கினோம். அது மெய்யன்று, பழக்கம் எளிதில் விடுவதாயில்லை. ஒரே ஒருவர் மட்டும் வழிநெடுக வாய் திறவாது வந்தார். அவர்தம் மகன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

கதிரவன் எழுந்தபின் எழும் காலைகளும், கழுத்து வலி இல்லாத உடலும், தட்டில் வைத்து உட்கார்ந்து உண்ணும் சிற்றுண்டியும் பெற்று, மகளுடன் பல்லாண்டு வாழ்க.

இங்ஙனம்,
நாளையும் ஐந்து மணிக்கு வரவிருக்கும்
குளக்கரைப் பெற்றோர்