மண் வேண்டாத கீரை

கீரை வாங்கினால் தண்டை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன், சார். தமிழ்வாணி கொடுக்கிற கீரைக்கு அதெல்லாம் தேவையே இல்லை. அம்புட்டு இளசு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வில்லாபுரத்தில் என் வீட்டை ஒட்டினது அவர்கள் வீடு. அவள் புருஷன் சூர்யபிரகாஷுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் அடித்து, தேங்காய் நார்த்தூள் பைகளில் கீரை போட்டிருந்தான். ஈரம் குறைந்தால் அவன் போன் சொல்லும். கப்பலூரில் இருந்தபடியே பட்டனை அமுக்கினால் இங்கே மோட்டார் ஓடும்.

அவன் அப்பா அழகுமலை எங்கள் வயலில் கூலி வேலை பார்த்தவர். என்னை ஐயா என்பார். மகன் அண்ணே என்றான். அதையும் பொறுத்துக்கொண்டேன். வயலைப் பிளாட் போட்டு விற்றதில் இருந்து தெருவில் எனக்குப் பிளாட்டுக்காரர் என்று பெயர். அவன் வீட்டுக்கு வழி கேட்டால், "விவசாயி வீடா?" என்கிறார்கள். வயிறு எரியாதா?

ஒருநாள் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். "இதுக்கு மண்ணே வேண்டாம்ணே," என்று சிரித்தான். மண்ணை விற்றவனிடம் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கு முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தமிழ்வாணி கோயிலுக்குப் போயிருந்தாள். இரண்டு மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். தாண்டிப் போய், மோட்டார் வயரின் தோலைச் சீவி, இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். மோட்டார் ஓடாதவரை ஒன்றும் ஆகாது.

அவள் வந்ததும் ஒரு கட்டுக் கீரை கேட்டேன். எப்போதும் முதல் பறிப்பு எங்கள் வீட்டுக்குத்தான் தருவாள். "இந்தா, பறிச்சுட்டு வாரேண்ணே," என்று மேலே போனாள். நானும் என் மாடிப்படியில் ஏறி நின்றேன். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கீரை வாடிக் கெடக்கே. தண்ணி விடலையா?"

"ஈரம் இருக்குன்னுதானண்ணே காட்டுது."

"போனுக்கு என்னப்பா தெரியும்? நான் கண்ணால பாக்குறேன்."

"சரிண்ணே. நீங்க நெசமான விவசாயி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்தேன்.

அவள் கத்தக்கூட இல்லை. கீரைதான் முதலில் கீழே விழுந்தது.

பட்டனை அமுக்கினது யார் விரல் என்று அவனைக் கேளுங்கள், சார். செடி வாடுது என்றேன், அவ்வளவுதான். ஒரு விவசாயி வேறென்ன சொல்வான்?