பெட்டிக்குள் போன கேஜ்

உச்சி வெயில். பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வரும் ரோடு... கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை. என்ன சிரிப்பு? பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சிப் பொழுதில் தனியாகப் போகாதே என்று உங்கள் வீட்டில் சொல்லி வளர்க்கவில்லையா? கரண்ட் வருகிறபோது வரட்டும். அந்த மெழுகுவத்தியை இப்படி நகர்த்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம்ம பரந்தாமனின் கூட்டாளி காலேப்புக்கு நடந்தது.

காலேப் வண்டிகளுக்கு ஏசி வேலை பார்க்கிறவன். திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் கடை. எதிர்க்கடை சாமுடையது. ரெண்டு பேரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள், ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் கைராசி என்று ஒன்று இருக்கிறதே... அது சாம் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சாம் எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பான். கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டுவான். அதன் கண்ணாடியில் நகத்தால் ரெண்டு தட்டு... டிக், டிக். பிறகு காற்று வருகிற இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பான். "ஆங், வந்துடுச்சி" என்பான். ஜில்லென்று வந்திருக்கும். அதே வேலையைக் காலேப் செய்தால் ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வரும்.

காலேப்புக்கு வயிறு எரிந்தது. எதிரே ஒரு வண்டி வந்து நின்றால் போதும், இவனுக்குச் சோறு இறங்காது. கோளாறு தன் கையில் இருக்கலாம் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ராசியெல்லாம் அந்தக் கேஜில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான்.

போன தை மாதம் சாம் நெஞ்சுவலியில் போய்விட்டான். சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் காலேப்புக்குப் பொறாமைதான். நான் செத்தால் இதில் பாதி வருமா என்று நினைத்துக்கொண்டான். சாமின் மனைவி ப்ளெஸ்ஸியிடம் போய் மெதுவாகக் கேட்டான்.

"அவனோட கேஜு வூட்ல கெடந்து துருப்புடிச்சிதான் போவும். எங்கிட்ட குடேம்மா."

"இல்லண்ணா. இத்த யாருக்கும் தராத, என்கூடவே வச்சிடுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அவருகூடவே போவட்டும்."

சொன்னபடியே சவப்பெட்டிக்குள் சாமின் காலடியில் வைத்தாள். காலேப்பின் கேஜும் அதே ரகம், அதே நிறம்... தோளில் தொங்கிய டூல் பையில்தான் இருந்தது. பாஸ்டர் ஜெபத்துக்கு அழைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஆமென் சொல்வதற்குள் காலேப் மாற்றிவிட்டான். தன்னுடையது பெட்டிக்குள், சாமுடையது பைக்குள். அந்த நேரம் கண் திறந்திருந்தது தான் ஒருவன் மட்டும்தான் என்று நினைத்தான்.

குழியில் முதல் பிடி மண் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று மூன்று நாலு மாதம் அதை வெளியே எடுக்கவே இல்லை. அக்னி நட்சத்திரம் வந்தது. ஒரு மத்தியானம் பங்காருவின் போன். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி மூட்டை ஏற்றிப் போகும் பிக்கப் டிரைவர் அவன். சாமின் பழைய வாடிக்கை.

"ஏசி சூடா ஊதுதுபா. ரோட்லயே ஓரங்கட்டி நிக்கறேன். சாம் இருந்தா உன்ன எதுக்குக் கூப்புடப் போறேன்..."

காலேப்புக்குச் சுருக்கென்றது. செத்த பிறகுமா? சுற்றி வைத்திருந்த துணியை உதறி, சாமின் கேஜை எடுத்துக்கொண்டு பைக்கை விட்டான்.

நான் முதலில் சொன்ன ரோடு அதுதான். ஒரு காக்காய்கூட இல்லை. பானெட்டைத் திறந்து கேஜின் சிவப்புக் குழாயையும் நீலக் குழாயையும் மாட்டினான். கேஸ் சரியாக இருந்தது. கம்ப்ரஸர் ஓடியது. உள்ளே போகிற பைப் ஐஸாகி வியர்த்தது. ஆனால் வண்டிக்குள் காற்று மட்டும் சூடு... வெயில் சூடு இல்லை. ஈரமான சூடு.

காலேப் வண்டியை அணைத்து, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஓடாத வண்டியில் கேஜ் முள் ஆடாமல் நிற்க வேண்டும். நீலக் குழாய்ப் பக்கத்து முள் மெதுவாக ஏறியது... இறங்கியது... மறுபடி ஏறியது. தூங்குகிறவனின் நெஞ்சு போல.

உள்ளே உட்கார்ந்திருந்த பங்காரு கேட்டான்.

"ஏ காலேப்பு... சாவி உங்கைல தானேபா இருக்குது? அப்பறம் காத்து எங்கேருந்து வருது?"

காலேப் குனிந்து கன்னத்தை வைத்தான். வெதுவெதுவென்று முகத்தில் பட்டது. கொஞ்சம் நின்றது. திரும்பப் பட்டது. கிராம்பு வாசனை. அதற்கடியில் ஈர மண் வாசனை. முன்னால், திறந்த பானெட்டுக்குள்ளிருந்து... டிக், டிக்.

குழாய்களை எப்படிப் பிடுங்கினான் என்று அவனுக்கே தெரியாது. சாவியைப் பங்காருவிடம் வீசிவிட்டு பைக்கை உதைத்தபோது, பின்னால் பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது. கூடவே பங்காருவின் குரல்.

"அட, ஜில்லுனு வருதுபா! சாம் வேலை மாதிரியே இருக்குது."

அந்தப் பயத்திலும் காலேப்புக்கு வயிறு எரிந்ததாம், பாருங்கள். கேஜை முள்வேலிக்குள் விட்டெறிந்திருக்கலாம். மனசு வரவில்லை. கடையில் ஆணியில் மாட்டி, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் காய்ச்சலோடு வீடு போய்ப் படுத்தான்.

காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆணியில் கேஜ் தொங்கியது. முதுகுப் பக்கம் நெயில் பாலீஷால் 'கா' என்று எழுதியிருந்தது... அவன் மனைவி அபிகாயில் எழுதியது. பெட்டிக்குள் அவன் வைத்த, அவனுடைய கேஜ். முழுக்கச் செம்மண்.

கல்லறைக்கு ஓடினான். சிமெண்ட் பூசியது பூசியபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கடைக்குத் திரும்பி வந்து, மண்ணையாவது தட்டிவிடலாம் என்று நீலக் குழாயைக் கையில் கவிழ்த்தான். மண் கொட்டியது. மண்ணோடு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

மென்ற கிராம்பு. ஈரமாக... இன்னும் சூடு ஆறாமல்.