எல்லோருக்கும் அதே நாலு வரி

நான் ஓய்வுபெற்ற கல்லூரிக் கணினி ஆசிரியன். வேலை தேடும் இணையதளத்தில் பரிந்துரை கேட்ட மாணவிகள் எல்லோருக்கும், நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த பழக்கத்தில், ஒரே நாலு வரியை ஒட்டிவிட்டேன். அது தவறு.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“இன்டர்வியூல கேக்கான்ட்டி, ‘இதே வரி இன்னொரு பொண்ணுக்கும் இருக்கே, நீங்களே எழுதுனதா’ன்னு. வேலை போச்சு.”

“யாரு எழுதுனது செல்வி, நம்ம கம்ப்யூட்டர் சாரா?”

“அவரேதான். மூணு வருஷம் மொத பெஞ்சுல இருந்தேன். என்னையப் பத்தி ஒரு வரி தெரியாதா அந்த மனுசனுக்கு?”

“ரப்பர் ஸ்டாம்பு குத்துத மாதிரில்லா குத்தியிருக்காரு!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீடு வந்ததும் பழைய வரிகளை நீக்கிவிட்டு, கல்லூரி நூலகத்துக்குச் செல்வி செய்துகொடுத்த மென்பொருளைப் பாராட்டி எழுதினேன். மறுநாள் பதில் வந்தது.

“நன்றி சார். ஆனா அதைச் செஞ்சது நான் இல்ல, எங்க க்ளாஸ் மாரியம்மாள்.”