அரைக் கட்டை தூரம்

— அது இல்ல நைனா. இடது கையில ஜி, பி, எஃப் மூணையும் அழுத்தினே இரு. வலது கைய மட்டும் ஓட்டு.

— ஓட்டிகினுதான கீறேன் வால்டரு. கன்றாவியா கீது மாமு. பியானோ மேல பூனை நடந்தா மாதிரி.

— கன்றாவியாத்தான் இருக்கணும். சுரத்த எடம் மாத்தி வெக்கிற ஆல்டர்டு ஸ்கேலுன்னா சும்மாவா? கைய மறைக்காத செங்குட்டுவா, விரலு எனக்குத் தெரியட்டும்.

— கச்சேரியில கீபோர்டுல இந்த ரோதனையே இல்ல. பாடறவன் சுதி மாத்தினா டிரான்ஸ்போஸ் பட்டனத் தட்டுவேன், முடிஞ்சிது. நேத்து எம்.கே.பி. நகர்ல என் வூட்டுலயும் அப்டித்தான் பண்ணேன். ஜிக்கு அரைக் கட்டை மேல போயி மெலடிக் மைனர் வாசின்னு சொன்னல்ல? பட்டனத் தட்டி அரைக் கட்டை ஏத்திட்டு ஜி மைனரே வாசிச்சேன்.

— அடப்பாவி! இடது கையும் கூடவே ஏறிப் பூட்டிருக்குமே?

— பூடுச்சி. நீ சொன்ன கொடைச்சலே வரல.

— எப்டி வரும்? கீழ கீறவன் அங்கியே நிக்கணும், மேல கீறவன் மட்டும் நழுவணும். அதான் விஷயமே. இந்த மாதா கோயில் ஹால் பியானோவுல பட்டனு கெடையாது, தப்பிக்க முடியாது. எதெல்லாம் மாறாம கீது? என்னப் பாத்து சொல்லு.

— ஜி, பி, எஃப்.

— கரீட்டு. அது மூணும் சேந்து அடிக்கறதுதான் கார்டு. அதோட பேரு, மூஞ்சி, கொரலு எல்லாம் அதான். மத்தது பூரா எடம் மாறிடுச்சி. அஞ்சாவது சுரம் டியத் தேடிப் பாரு, கெடைக்காது. அதுக்குப் பதிலா அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணுன்னு டி ஃப்ளாட்டும் இ ஃப்ளாட்டும் நிக்குது. ஒன்பதாவது ஏயும் அதே கதைதான், ஏ ஃப்ளாட்டு, பி ஃப்ளாட்டு. பொண்டாட்டியாண்ட பொய் சொல்றவன் எப்டி இருப்பான்? அதே ஆளு, அதே மூஞ்சி. உள்ள ஒண்ணும் எடத்துல இருக்காது.

— சொல்றதுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?

— உனக்கு ஏன்டா வேர்க்குது?

— ஃபேன் சுத்தல. வெளிய கன்டெய்னர் லாரிக்காரன் வேற ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். ஜன்னல மூடட்டா?

— லாரியா? வுடு, காத்து வரட்டும். இப்ப சி மேஜருக்குப் போ, அதான் வூடு. டி ஃப்ளாட்டு அரைக் கட்டை எறங்கினா சி. இ ஃப்ளாட்டு அரைக் கட்டை ஏறினா இ. ஏ ஃப்ளாட்டு எறங்கினா ஜி. அவ்ளோ கொடைச்சலுக்கும் வூடு பக்கத்துலயே கீது பாரு. ஒத்த எட்டுதான்.

— ஓ... இம்மாந்தானா? புரிஞ்சிடுச்சி மாமு.

— புரிஞ்சா ஏன் நின்னுட்ட? வூட்டுக்குப் போவாம வாசப்படியிலயே நிக்கிறியே.

— முடில.

— விரலா?

— மனசு. நீ குந்து, நான் வாசிச்சிகினே சொல்லிடறேன். உன் மூஞ்சியப் பாத்தா வாயில வராது. நீ வாசிக்கிற ஓட்டல்லேந்து மேனேஜர் என்னக் கூப்பிட்டாரு வால்டரு. உன் சீட்டுக்கு. பாடற பொண்ணு உன் மேல கம்ப்ளெயின்ட்டாம். ஜாஸ் தெரியுமான்னு கேட்டாரு, தெரியும்னு சொல்ட்டேன். திங்கக்கெழமை உன் எடத்துல நான் குந்தப் போறேன். உன் சோத்துல மண்ணப் போடறதுக்கு உன்கிட்டயே கத்துக்கினு கீறேன்டா. அடிக்கணும்னா அடி.

— ஆங், அப்டித்தான்! டி ஃப்ளாட்லேந்து சி. ஸோக்கா வுழுந்திச்சி. இன்னொரு தபா வாசி.

— இன்னாது?

— ஏன் திரும்பிட்ட? நல்லாத்தான வாசிச்ச.

— வால்டரு, நான் சி வாசிக்கவே இல்லடா. விரல சும்மா வெச்சேன். அழுத்தல. சத்தமே வரல.

— விரலு சி மேல போச்சே, பாத்தேனே.

— உனக்குக் காது கேக்கலியா?

— மெதுவாப் பேசு, ஃபாதரு காதுல வுழுந்துடப் போவுது. ஹார்பர்ல கப்பல் துரு தட்டினேனே, அந்த சுத்தியல் சத்தம் காதத் தின்னுட்டுது நைனா. மொதல்ல மேல் கட்டைங்க பூடுச்சி, இப்ப ஒண்ணொண்ணா கீழயும் போவுது. எதிர்ல கீறவன் வாயப் பாத்துத்தான் பேச்சே வெளங்குது. ஓட்டல்ல எவனுக்கும் தெரியாது. பாடற பொண்ணு மட்டும் என்னத் திரும்பித் திரும்பிப் பாக்குது. நான் தப்பா வாசிக்கிறனா, அது தப்பாப் பாடுதான்னு எனக்கே தெரில.

— அப்பறம் எதுக்குடா எனக்கு இதெல்லாம் கத்துக் குடுத்த?

— நீயா வந்து கேட்டப்ப, மாதாதான் உன்ன அனுப்பிச்சான்னு நெனச்சேன். என் தோஸ்துக்கு இது புரிஞ்சிட்டா, ஓட்டல்ல எம் பக்கத்துல வந்து குந்துவான், நான் வூடு போயி சேர்றனா இல்லியான்னு கண்ணாலயே சொல்வான்னு. இந்த ஓட்டல் வேலையும் பூட்டா மறுபடியும் சுத்தியல்தான். உன்ன வுட்டா எனக்கு வேற காது ஏது?

— மாமு...

— அழுவாத, பேஜாராப் பூடும். ஆமா, கட்டையப் பாத்துகினே ஏதோ பெருசாப் பேசினியே, தாடை ஆடிச்சி, பாத்தேன். இன்னா அது? இப்ப என் மூஞ்சியப் பாத்து சொல்லு.