குளத்தைச் சுற்றி இரண்டு சுற்று

— தடத்த மிதிச்சிடாதீங்கம்மா. ஓரமா அந்தப் புல்லு மேலயே வாங்க. ஈர மண்ணுல உங்க வீட்டுக்காரர் ஷூ எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க.

— வர்றேன், வர்றேன். நீங்க முன்னாடி போங்கண்ணே. காட்டுக் காவலருக்குக் கண்ணு தரையில இருந்தாப் போதும், என்னைப் பாத்துக்க எனக்குத் தெரியும்.

— அவர்கிட்ட தண்ணி எவ்வளவு இருக்கு?

— ஒரு சொட்டு இல்ல. பாட்டில் ரெண்டும் என் பையிலதான் கெடக்கு. காலையில ஏதோ பறவையப் பாத்தாரு. படம் எடுக்காம நகர மாட்டேன்னு அடம். "அப்ப அந்தப் பறவையோடயே குடும்பம் நடத்துங்க"ன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு எறங்கி வந்துட்டேன். இந்த வெயில்ல மண்டை வெடிச்சிடும் போலருக்கு. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்ணே.

— புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான். பாத்துக்கலாம். இந்தப் பாதை குளத்தச் சுத்திட்டு இங்கயேதான் வந்து சேரும். எங்க போயிடப் போறாரு?

— என்னண்ணே, கெளம்புன எடத்துக்கே வந்துட்டோம். முழுசா ஒரு சுத்து. ஆளக் காணோமே!

— அவசரப்படாதீங்க. கெளம்பும்போது இங்க தடம் ஒத்தையா இருந்துச்சு. இப்ப ரெட்டையா இருக்கு. நாம அந்தக் கரையில இருந்தப்ப அவர் மறுபடி இந்தப் பக்கம் வந்திருக்கார். வெயில் தலைக்கேறிட்டா இப்படித்தான், வழி புரியாம சுத்துவாங்க. நமக்கு முன்னாடிதான் போயிக்கிட்டிருக்கார்.

— அப்ப சீக்கிரம் போங்க. ... ஏன் நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்லம்மா.

— உங்க குரலே சரியில்ல. மறைக்காம சொல்லுங்க.

— ஷூ தடத்து மேல வேற ஒரு கால் விழுந்திருக்கு. சிறுத்தை.

— ஐயோ! அவர் பின்னாடியா?

— கத்தாதீங்க. வெயிலுக்குத் தண்ணி தேடி வந்திருக்கும்.

— தண்ணிக்கு வந்தது தண்ணிப் பக்கம்ல போகணும்? அவர் அடி மேல அடி வச்சுல்ல போயிருக்கு! ... அண்ணே, உங்க வாக்கி-டாக்கி கரகரங்குது.

— கீழ மெயின் கேட்லேர்ந்து பேசுறேன். மேல கேக்குதா? ஓவர்.

— கேக்குது, சொல்லு.

— தேடுற ஆளு வந்தாச்சு. குளத்த ஒரு சுத்து சுத்திட்டு, குறுக்கால பாறை வழியா எறங்கிட்டாராம். ஒரு மணி நேரமா இங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கார். உங்க லைன்தான் கெடைக்கவே இல்ல. ஓவர்.

— கேட்டீங்களாண்ணே? அப்பாடா, போன உயிர் திரும்பி வந்துச்சு! பெஞ்சுல உக்காந்திருக்காராம் பெஞ்சுல! வீட்டுக்கு வரட்டும், இருக்கு அவருக்கு.

— அம்மா, ஒரு நிமிஷம். அவர் ஒரு மணி நேரமா அங்க இருக்கார்னா, இந்த ரெண்டாவது தடம் யாரோடது? ஓரம்கூட இன்னும் காயல.

— எனக்கென்ன தெரியும்?

— உங்க காலத் தூக்குங்க. அடிப்பாகம் தெரியட்டும்.

— அது... ரெண்டு பேருக்கும் ஒரே ஷூதான்ணே. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருந்தான். அவர் சைஸ்தான் இருந்துச்சு, நான் சாக்ஸ் ரெண்டு மாட்டிக்கிட்டேன்.

— ஆனா நீங்க புல்லு மேலதானே நடந்தீங்க?

— கோவிச்சுக்காதீங்க. புல்லுக்குள்ள பாம்பு இருக்குமோன்னு பயம். நீங்க திரும்பியே பாக்கலையா, நான் மண்ணுலயே வந்துட்டேன். மொதல்லேர்ந்தே. ஒரு அடிகூடப் புல்லுல வைக்கல.

— மெதுவா என் பக்கத்துல வாங்க. ஓடாதீங்க. குனியாதீங்க.

— என்னண்ணே? ஏன் இப்படிப் பாக்குறீங்க?

— இவ்வளவு நேரமும் என் பின்னாடி காஞ்ச புல்லுல சரசரன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. நீங்கன்னுதாம்மா நெனச்சேன்.