பன்னிரண்டு பேருக்குப் போதும்

ஒரு கம்ப்யூட்டரை எத்தனை பேர் சேர்ந்து பாவிக்கலாம் என்று கணக்குப் போடுவது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை ஐயா. கழிக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். ஆரம்பம் அந்தக் கணக்குத்தான்.

என் பெயர் விஜேந்திரன். பதுளை டவுனில் மர்ஸூக் நானாவின் கடை மாடியில் சேர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லுணுகலைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்தில் ஒரு பழைய பிள்ளைக்காம்பரா மூடிக் கிடந்தது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது. அதைத் துப்புரவாக்கி மேசைகள் போட்டு, பன்னிரண்டு பெண்பிள்ளைகளை வேலைக்கு எடுத்தோம். என் தங்கை கலாராணியும் அதில் ஒருத்தி. கொழும்பில் சில பல் வைத்தியர்களின் நோயாளர் அட்டைகளைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். அவர்கள் முன்னால் இருந்த பழைய மெஷின்கள் படம் காட்டும் பெட்டிகள்தான். நிஜ வேலை முழுவதும் பதுளையில், என் சேர்வருக்குள்ளேயே நடக்கும். இடையில் இருந்தது ஒரேயொரு இன்டர்நெட் லைன்.

சேர்வரின் நினைவகம் பதினாறு ஜிபி. அதன் சொந்தத் தேவைக்கு நான்கு போனால் மிச்சம் பன்னிரண்டு. ஓர் ஆளுக்கு ஒன்றரை. ஆக எட்டுப் பேர். லைனும் எட்டுப் பேரைத்தான் சிரமமில்லாமல் தாங்கும். இதை நான் முதல் நாளே ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தேன்.

மறுநாள் மர்ஸூக் நானா கேட்டார். "தம்பி, பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல வேல செய்ய ஏலுமா?"

"போதும் நானா," என்றேன்.

எட்டு என்று சொல்லியிருந்தால் நான்கு பிள்ளைகள் கொழும்புக்குக் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். பன்னிரண்டு வீட்டிலும் நானே போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன் என்பதும் உண்மை. அதற்காகச் சொன்னேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொன்ன சொல்லை அதன்பிறகு காப்பாற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் ஒன்றாகத் திறந்தால் சேர்வர் திணறும். ஆகவே காலையில் தோட்டத்துப் பெரட்டு மாதிரி பேர் கூப்பிட்டு, ஒவ்வொருத்தராக உள்ளே விட்டேன். பிள்ளைகளின் போன்கள் லைனை உறிஞ்சின. அந்தப் பள்ளத்தில் வேறு சிக்னல் கிடையாது, எல்லோரும் எங்கள் வைஃபையைத்தான் பிடித்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை போன்களுக்கு வைஃபை இல்லையென்று வைத்தேன். நேரத்துக்கு முன் எழும்புகிறவர்களுக்கு அரைப் பேர்தான் விழும் என்றும் சொன்னேன். அரைநாள் சம்பளம். மலையில் அவர்களுடைய அம்மாமார் பழகிய சட்டம்தானே, யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை ஐயா. கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

ஏழு மாதம் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் நான் நிம்மதியாக ஒரு தேநீர் குடித்ததில்லை. ஒரு லைன் தடுமாறினால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளாவது நாலு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வியாழக்கிழமை மூன்றாவது நாளாக மழை. பகல் ஒன்று நாற்பதுக்குத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. மேல் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, பள்ளத்தில் யாரும் இருக்க வேண்டாம், எல்லோரும் ஃபெக்டரிக்குப் போங்கள் என்றது. நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். கேட்டேன். ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் மேட்டில் இருப்பதால் அங்கே எல்லோருக்கும் அது கிடைத்தது. பிள்ளைக்காம்பராவுக்கு மட்டும் போகவில்லை.

வைஃபையைத் திறந்துவிட்டிருக்கலாம் என்பீர்கள். திறந்தால் பன்னிரண்டு போனும் காலையிலிருந்து தேங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் இழுக்கும், லைன் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து மர்ஸூக் நானா பண்டாரவளையிலிருந்து ஜஸீல் என்றொரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். புது வாடிக்கையாகப் பிடிக்க, பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதைக் காட்டத்தான். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். மழை அதுவரை பொறுக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு ஐம்பதுக்கு ரெங்கம்மா அக்கா அழைத்தார். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியான சுதர்ஷினியின் தாய்.

"தம்பி, புள்ளைங்க போன் ஒன்னும் எடுக்குதில்ல. மலை வெடிச்சிருக்குன்னு அதுங்களுக்குச் சொல்லிட்டீங்களா? இல்லாட்டி நான் எறங்கிப் போய்க் கூட்டியாறேன்."

ஜஸீல் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் அக்கா. நீங்க ஃபெக்டரிக்குப் போங்க."

"நல்லாருப்பீங்க தம்பி," என்று வைத்துவிட்டார். மற்றத் தாய்மாருக்கும் அவர்தான் சொன்னாராம், தம்பி சொல்லிவிட்டார், யாரும் இறங்க வேண்டாம் என்று.

மூன்று ஐந்துக்குச் சுதர்ஷினி என் திரைக்கு எழுதினாள். "சேர், பீலித் தண்ணி செவப்பா வந்துச்சு. இப்ப அடியோட நின்னுருச்சு. பயமா இருக்கு. நாங்க போகவா?"

மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி திடீரென்று நின்றால் மேலே மண் நகர்கிறது என்று மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "நாலு மணிக்கு விடுறேன். இப்ப எழும்பினா அரைப் பேர்" என்று பதில் போட்டேன்.

"சரிங்க சேர்."

மூன்று பத்துக்கு நான் கலாராணிக்கு மட்டும் எழுதினேன். ரீலோட் கார்ட் முடிந்துவிட்டது, இப்போதே லுணுகலை டவுனுக்குப் போய் வாங்கி வா, யாரிடமும் சொல்லாதே, முழுப் பேர் போடுகிறேன் என்று. அவள் கிளம்பிப் போனாள். பதினொரு பேர் ஆனதும் லைன் கொஞ்சம் சுறுசுறுப்பானது. ஜஸீல்கூடக் கவனித்துச் சொன்னார்.

மூன்று நாற்பத்தேழுக்குப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டார்கள். ஒருத்தர்பின் ஒருத்தராக அல்ல, ஒரேயடியாக. "என்ன தம்பி, லைன் போச்சா?" என்று மர்ஸூக் நானா கேட்டார். "மழை நானா. வந்துடும்," என்றேன். மண்ணுக்குள்ளிருந்து எல்லோரையும் எடுத்து முடிக்க மூன்று நாள் ஆனது.

லைன் அறுந்தாலும் அவரவர் திறந்து வைத்த வேலை சேர்வரில் அப்படியே இருக்கும். ஆள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுதர்ஷினி ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். எதையும் நான் மூடவில்லை. என்னால் முடியவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

எச்சரிக்கை தெரிந்தும் பிள்ளைகளை உட்கார வைத்தேன். ரெங்கம்மா அக்காவிடம் பொய் சொன்னேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். பன்னிரண்டு பேரில் ஏன் தங்கையை மட்டும் அனுப்பினாய் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். கலாராணியும் அதையேதான் கேட்டாள். "அண்ணே, எனக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?" அதன்பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. மற்றவை எல்லாம் உண்மை, இதில் மட்டும் உங்கள் எல்லோருக்கும் ஏன் சந்தேகம் என்று எனக்கு விளங்கவில்லை. லைன் பன்னிரண்டு பேரைத் தாங்கவில்லை ஐயா, ஓர் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தது. யாரை அனுப்பியிருந்தாலும் அதே அளவுதான் குறைந்திருக்கும்.