இருக்கறபடி

அய்யய்யோ, கீழ போட்டுடாதீங்க தம்பி! பயப்படாதீங்க, வெறும் குருவிதான். செத்த குருவி. சாப்பிட இல்லப்பா, வரையறதுக்கு. நேத்து சாயங்காலம் மொட்டைமாடியில கெடந்துச்சு. அதுக்குள்ள வெளிச்சம் போயிடுச்சு, காலைல வரையலாம்னு டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சேன். காலைல பாத்தா ஃப்ரிட்ஜும் மண்டையைப் போட்டுடுச்சு. அதான் பதறியடிச்சு உங்களுக்கு போன் பண்ணேன். பின்ன, அரை லிட்டர் பாலுக்காகவா அப்படிக் கத்தினேன்னு நெனச்சீங்க?

நீங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன், கண்டுக்காதீங்க.

ஆமா, சுவத்துல இருக்கறதெல்லாம் நான் வரைஞ்சதுதான். ஒரு நாளைக்கு ஒண்ணு, தவறாம. என்ன, மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க? பக்கத்து வீட்டம்மா இப்பல்லாம் வாசலோட பேசிட்டுப் போயிடுது. அது அழுகின தக்காளி. அது பல்லி, எறும்பு இழுத்துட்டுப் போகுது பாருங்க. மூலையில இருக்கறதா? குளவிக்குஞ்சு உள்ள இருந்து தின்னுக்கிட்டிருக்கற கம்பளிப்புழு. புழு உசிரோடதான் இருந்துச்சு தம்பி. நகரக்கூட முடியல அதால. ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். என்ன பண்ண முடியும்? வரையத்தான் முடிஞ்சுது.

பூ வரையலாம்தான். பூவெல்லாம் எனக்குத் தூக்கத்துல வரும். அதுதானே பிரச்சினையே. முப்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோவுல டச்சப் வேலை பாத்தவ நான். பரு, தழும்பு, தொங்கற தாடை எல்லாம் எங்கிட்ட வந்தா காணாமப் போயிடும். மொதல்ல பிரஷ், அப்புறம் கம்ப்யூட்டர். ஒருத்தருக்கு ஒரு கண்ணு பாதி மூடினாப்லயே இருக்கும். பாவமேன்னு நல்லாத் தெறந்து விட்டுட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸ்ல இது நீ இல்லைன்னு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மனுஷன் கடை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, அம்மா, என் கண்ணை எனக்கே குடுத்துடுங்கங்கறார்! சிரிங்க, பரவால்ல. நானும் அன்னிக்கு சிரிச்சேன்.

உள்ள இருமறது எம்பொண்ணு. ஒரே பொண்ணு. ரத்தத்துல வியாதி. ரெண்டு வருஷமா நாங்க ஏறி எறங்காத ஆஸ்பத்திரி இல்ல. போன தடவை பெரிய டாக்டர், வீட்டுலயே வெச்சு நல்லாப் பாத்துக்கோங்கம்மான்னுட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு நம்ம ரெண்டு பேரை விட நல்லாத் தெரியும்.

அவதான் கேட்டா. வர்றவங்க எல்லாம் மொகம் தெளிஞ்சிருக்கு, நீ தேறிட்டன்னு கூசாமப் பொய் சொல்றாங்கம்மா, நீயாவது என்னை இருக்கறபடி பாத்து ஒரு படம் வரைன்னா. சரின்னு ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சேன். நல்லா வந்துடுச்சுன்னு பெருமையாக் கொண்டு போய் நீட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, யாரும்மா இந்தப் பொண்ணுன்னா.

அப்பதான் நானே பாக்கறேன். கன்னத்துல சதை வெச்சிருக்கேன். கண்ணுக்குக் கீழ கருப்பை எடுத்திருக்கேன். கொட்டிப் போன புருவம் ரெண்டும் அழகா வளைஞ்சு நிக்குது. சத்தியமா தெரிஞ்சு பண்ணல தம்பி, கை தானாப் பண்ணிடுச்சு. திரும்ப வரைஞ்சேன், திரும்பவும் அதே பொண்ணு வந்து உக்காந்துக்கிட்டா. அழுதுட்டேன். அதுக்கு அவ என்னைத் தேத்தறா. கோவிச்சுக்காத ஆளுங்களாப் பாத்து கொஞ்ச நாள் பழகும்மான்னா. செத்த பல்லிக்கு வருத்தமா வந்துடப் போகுதுன்னா.

அப்படி ஆரம்பிச்சதுதான் இவ்வளவும். தெனமும் சாயங்காலம் அவகிட்ட காட்டணும், பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போடுவா. பெரிய வாத்தியாரம்மா! காஞ்ச இலைக்கு ரெண்டு மார்க்தான் குடுத்தா, ஓரத்துல பச்சை விட்டிருந்தேனாம். பல்லிக்கு நாலு. எறும்புல பாதியைக் காணோமேம்மான்னா. எனக்கு அந்தப் பல்லி மேல என்ன இரக்கமோ.

முடிஞ்சிடுச்சா? அதுக்குள்ளயா? ரிலேங்கற அந்தக் குட்டி பார்ட்தான் போயிருந்துச்சா, அவ்வளவுதானா? உக்காருங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க. போன் அடிச்சா அடிக்கட்டும், அடுத்த வீட்டுக்காரங்க பத்து நிமிஷம் பொறுக்க மாட்டாங்களா? வாஷிங் மெஷின் வேற ரெண்டு நாளா கடமுடங்குது, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்களேன். இல்ல, நல்லாத்தான் ஓடுது. சும்மா சொன்னேன்.

நீங்க கெளம்பிட்டா நான் உள்ள போகணும். ஜன்னல் பக்கத்துல நாற்காலி போட்டு, தலைத்துணியை அவுத்துட்டு காலைலேந்து உக்காந்திருக்கா. இன்னிக்காவது வரைவியாம்மான்னு கேப்பா. இன்னும் கை வரலடான்னு சொல்லணும். ஒரு மாசமா அதையேதான் சொல்றேன்.

கையெல்லாம் எப்பவோ வந்துடுச்சு தம்பி. அந்தக் கம்பளிப்புழுவுலயே வந்துடுச்சு. அதுக்கப்புறம் சரியா வந்ததை எல்லாம் அவ எந்திரிச்சு வர முடியாத இந்தப் பக்கம் சுவத்துல ஒட்டிட்டு, வேணும்னே கெடுத்து இன்னொண்ணு வரைஞ்சு கொண்டு போய்க் காட்டறேன். அஞ்சு மார்க் போடறா.

ஏன்னு கேக்கறீங்களா? மொத நாளே சொல்லிட்டாளே. நீ வரைஞ்சு முடிக்கற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேம்மான்னு. சின்ன வயசுலேந்து அவ சொன்ன சொல்லு மாறினதே இல்ல.